வாசலைத் தாண்டிய வைத்தியம்: டொக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் (1870 – 1960)

நூற்றாண்டு மலருக்கு ஒரு பெண்மணியின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரும்படி மலர்க்குழுத் தங்கைகள் கேட்டபோது, யாரைப் பற்றி எழுதுவது என்று நான் யோசிக்கவே இல்லை. நாங்கள் ஏழாம் வகுப்பில் இருந்த காலம். ஹட்டன் மழை தகரக் கூரையில் கொட்டுகிற சத்தத்தில் பாடம் நடத்த முடியாமல் போன ஒரு பிற்பகலில், எங்கள் ஆங்கில ஆசிரியை புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மேசைக்கு முன்னால் வந்து நின்று, உரத்த குரலில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதையைச் சொன்னார். அம்மையார் காலமாகி அப்போது ஐந்தாறு வருடங்களே ஆகியிருந்தன. அந்த வகுப்பில் இருந்து மூன்று பேர் பின்னாளில் தாதிகளானோம். அதற்கு அந்த மழையும் ஒரு காரணம் என்று நான் நினைப்பதுண்டு.

ஸ்கடர் குடும்பத்துக்கும் நமது நாட்டுக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது. ஐடாவின் பாட்டனார் டொக்டர் ஜோன் ஸ்கடர் நியூயோர்க் நகரில் நல்ல வருமானத்தோடு வைத்தியம் பார்த்தவர். ஒரு நோயாளியைப் பார்க்க அவருடைய வீட்டுக்குப் போய் முன்னறையில் காத்திருந்த நேரத்தில், அங்கே கிடந்த ஒரு சிறு பிரசுரத்தை எடுத்து வாசித்தார். அதோடு அவருடைய வாழ்க்கை திரும்பிவிட்டது. 1819இல் மனைவியோடு கப்பலேறி இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியமும் ஊழியமும் செய்தார். அமெரிக்காவில் இருந்து அனுப்பப்பட்ட முதலாவது மருத்துவ மிஷனரி அவர்தான். 1836இல் சென்னைக்கு மாறினார். இலங்கையில் பிறந்த அவருடைய மகன்களில் ஒருவரும் ஜோன் என்ற பெயரோடு மருத்துவரானார். அந்த இளைய ஜோனுக்கு ஐந்து ஆண் பிள்ளைகள். ஆறாவதாக வந்த ஒரே பெண்தான் ஐடா. 1870 டிசம்பர் 9ஆம் திகதி இராணிப்பேட்டையில் பிறந்தார்.

சிறு வயதில் 1876ஆம் ஆண்டின் தாது வருஷப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர் அவர். நமது முன்னோர்களில் எத்தனையோ பேரை மன்னார்க் கரைக்கும் அங்கிருந்து கால்நடையாக மலைநாட்டுக்கும் துரத்தியது அதே பஞ்சந்தான். பிறகு குடும்பம் அமெரிக்காவுக்குப் போனது. பெற்றோர் மறுபடி இந்தியாவுக்குத் திரும்பியபோது ஐடா உறவினர் பொறுப்பில் அங்கேயே விடப்பட்டார். தாயைப் பிரிந்த ஏக்கத்தோடு வளர்ந்த பெண்ணுக்கு இந்தியா என்றாலே கசப்பு. பஞ்சமும் நோயும் பிரிவும் நிறைந்த அந்த மிஷனரி வாழ்க்கை தனக்கு வேண்டவே வேண்டாம் என்று உறுதியாக இருந்தார். படித்து, நல்ல இடத்தில் கலியாணம் செய்து, அமெரிக்காவில் சுகமாக வாழ வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். அதில் ஒரு தவறும் இல்லை என்பது என் கருத்து.

1890இல் தாயார் சோபியா திண்டிவனத்தில் நோயுற்றார் என்று செய்தி வந்தது. தாயைப் பராமரித்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று எண்ணியே ஐடா கப்பலேறினார். ஆகவே, அவரை இந்தியாவுக்குத் திரும்ப வைத்ததே வீட்டில் கிடந்த ஒரு நோயாளியைப் பார்க்கும் கடமைதான்.

ஒரு நாள் இரவு அவர் விளக்கடியில் உட்கார்ந்திருந்தபோது வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. வந்தவர் ஒரு பிராமண இளைஞர். வீட்டில் இளம் மனைவி பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருக்கிறாள், மருத்துவிச்சி கைவிட்டுவிட்டாள், நீங்கள் வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டார். தனக்கு வைத்தியம் தெரியாது, தந்தையார்தான் டொக்டர், அவரோடு தானும் வருகிறேன் என்றார் ஐடா. அந்நிய ஆண் ஒருவர் தன் மனைவியைப் பார்ப்பது முறையல்ல என்று சொல்லி, தலை குனிந்தபடி அவர் திரும்பிப் போனார். சற்று நேரத்தில் இரண்டாவது காலடி. இம்முறை ஒரு முஸ்லிம் கணவர். அதே வேதனை, அதே வேண்டுதல், அதே மறுப்பு. மூன்றாவதாக வந்தவரும் ஓர் இந்து. அவரும் அப்படியே போய்விட்டார். ஐடா அன்றிரவு தூங்கவில்லை. விடியும்போது ஊருக்குள் இருந்து பறைச் சத்தம் கேட்டது. வேலைக்காரரை அனுப்பி விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்று தெரியவந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் அழுதார். வெளியே வந்து, தான் மருத்துவம் படிக்கப் போவதாகப் பெற்றோரிடம் அறிவித்தார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பொதுவாக அந்த மூன்று கணவன்மாரைக் குறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நள்ளிரவில் எழுந்து, வேற்று மதத்தவர் வீட்டுக்கு நடந்து வந்து, ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முன்னால் நின்று உதவி கேட்டவர்கள் அவர்கள். மனைவி மேல் அக்கறை இல்லாதவர்கள் அப்படி வந்திருக்க மாட்டார்கள். நல்ல டொக்டர் ஒருவர் அதே கூரையின் கீழ் இருந்தார். சென்னையில் கோஷாப் பெண்களுக்கென்றே 1885இல் ஓர் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டிருந்தது, ஆனால் அது 120 கிலோமீற்றருக்கு அப்பால். வீட்டுக்குள்ளே, அந்தப் பாய்க்கு அருகிலே போய் உட்காரக்கூடிய, பயிற்சி பெற்ற ஒரு பெண்தான் திண்டிவனத்தில் இல்லை.

அந்தக் காலத்து வீட்டுப் பிரசவம் எப்படி இருந்தது என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். காற்றுப் புகாத மூலை அறை, உள்ளே புகை, குடிக்கத் தண்ணீர் மறுப்பு, தொப்புள்கொடியை அறுக்க அகப்பட்ட கத்தி. மருத்துவிச்சிகள் கெட்டவர்கள் அல்லர். கை அனுபவத்தால் பல உயிர்களைக் காப்பாற்றியவர்கள். ஆனால் பிள்ளை குறுக்கே கிடந்தாலோ, உதிரம் நிற்காமல் போனாலோ அவர்களிடம் வழி இல்லை. கைகளைச் சுத்தமாகக் கழுவாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நமது லயங்களிலும் இதே கதைதான். 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், பிள்ளை பெற்ற தொழிலாளிக்கு ஒரு மாதம் உணவும் இருப்பிடமும் கொடுக்க வேண்டும் என்று துரைமாருக்கு விதித்தது. சட்டம் நல்ல சட்டம். ஆனால் காம்பராவுக்குள் யார் போவது? 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டு, கிராமங்களில் மருத்துவ மாதுக்கள் வீடு வீடாகப் போக ஆரம்பித்தார்கள். அந்தச் சேவை தோட்டங்களுக்கு ஒழுங்காக வந்து சேர மிகப் பல ஆண்டுகள் பிடித்தன. நான் பிறந்ததும் ஒரு காம்பராவில், இருட்டில், சிமினி விளக்கு வெளிச்சத்தில்தான்.

ஐடா அமெரிக்கா திரும்பி, 1895இல் பிலடெல்பியாவிலுள்ள பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு, கோர்னெல் பல்கலைக்கழகம் பெண்களுக்கும் மருத்துவக் கல்வியைத் திறந்துவிட்டபோது அங்கு மாறி, 1899இல் பட்டம் பெற்றார். புறப்படுமுன் பெண்களுக்கான ஓர் ஆஸ்பத்திரிக்குப் பணம் சேர்க்க முயன்றார். நியூயோர்க் வங்கியாளர் ஷெல் என்பவர் காலஞ்சென்ற தம் மனைவியின் நினைவாக 10,000 டொலர் கொடுத்தார். 1900 ஜனவரியில் தோழி அனி ஹன்கொக்கோடு இந்தியாவில் வந்து இறங்கினார்.

தந்தையாரிடம் சில வருடம் தொழில் பழகலாம் என்று நம்பி வந்தவருக்கு, அதே ஆண்டில் அவர் இறந்தது பேரிடி. ஆஸ்பத்திரி இல்லை, கட்டிடம் இல்லை, உதவிக்கு ஆள் இல்லை. வேலூரில் தங்கள் பங்களாவின் சின்ன அறை ஒன்றில் மருந்து கொடுக்கத் தொடங்கினார். நமது காம்பரா ஒன்றின் அளவு இருந்திருக்கும். முதலில் சனங்கள் வரவில்லை. இளம் பெண், கலியாணமாகாதவள், அந்நிய நாட்டவள். நம்பிக்கை மெல்ல மெல்லத்தான் வந்தது. அதற்கு அனி ஹன்கொக்கின் பங்கு பெரிது என்பேன். அவர் டொக்டரும் அல்லர், தாதியும் அல்லர். வேலூர் வீடுகளுக்குள் போய்ப் பெண்களோடு உட்கார்ந்து பேசி, வாசிக்கச் சொல்லிக் கொடுத்து, இன்ன வீட்டில் இன்னார் நோயாகக் கிடக்கிறார் என்று அறிந்து வருவார். ஒரு வீட்டுக்குள் நுழைவதற்கு மருந்துப் பெட்டிக்கு முன்னால் இந்தப் பழக்கம் வேண்டும்.

முதலாவது உதவியாளராகக் கிடைத்தவர் சமையற்காரரின் மனைவி சலோமி. மருந்து கலக்க, புண் கட்ட, நோயாளியைத் தூக்க என்று ஒவ்வொன்றாக அவருக்கு டொக்டர் பழக்கினார். படிப்பு வாசனை அதிகம் இல்லாத ஒரு சாதாரண வீட்டுப் பெண், சொல்லிக் கொடுத்தால் எவ்வளவு தூரம் வர முடியும் என்பதை ஐடா கண்ணால் கண்டது அங்கேதான். முதல் இரண்டு ஆண்டுகளில் 5,000 நோயாளிகள் வரை பார்த்ததாகச் சொல்வார்கள்.

1902இல் 40 கட்டில்களோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. ஆஸ்பத்திரி வந்துவிட்டதால் வீடுகளுக்குப் போவதை அம்மையார் நிறுத்தவில்லை. சந்துக்குள்ளும் சேரிக்குள்ளும் கோஷா வீட்டுக்குள்ளும் போய்க்கொண்டே இருந்தார். ஆனால் தனி ஒருத்தியால் எத்தனை வாசல் ஏறி இறங்க முடியும்? ஆஸ்பத்திரியில் குணமாகிப் போன தாய் பழைய மூலை அறைக்குத்தான் திரும்புகிறாள். அங்கே அவளைப் பார்க்கப் போகிறவள் அந்த ஊர்ப் பெண்ணாக, அந்தப் பாஷை பேசுகிறவளாக இருக்க வேண்டும். 1909இல் தாதியர் பயிற்சிப் பாடசாலை தொடங்கியது.

பெண் பிள்ளைகளைச் சேர்ப்பது சுலபமாக இருக்கவில்லை. பிறர் உடம்பைத் தொட்டுக் கழுவும் வேலை கீழான வேலை, சாதி கெட்டுவிடும், கலியாணம் நடக்காது என்று பெற்றோர் தயங்கினார்கள். 1970களில் நான் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டபோது எங்கள் லயத்திலும் இதே பேச்சுத்தான் கேட்டது.

அதே 1909இல் பிரான்சில் செய்த ஒரு சிறிய பெஜோ மோட்டார் கார் வேலூருக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன் மாட்டு வண்டியில் ஊர்ந்த பயணம் அப்போது வேகம் பிடித்தது. கிராமத்தவர்கள் முதலில் பேய் வருகிறது என்று ஓடினார்களாம். கிழமைக்கு ஒரு தடவை குடியாத்தம் போகும் சாலையில், குறித்த மரங்களின் கீழ் கார் நிற்கும். சனங்கள் காத்திருப்பார்கள். புண்ணைக் கழுவிக் கட்டுவது, கண்ணுக்கு மருந்து போடுவது, பல் பிடுங்குவது, நடக்க மாட்டாதவர் இருக்கும் வீட்டுக்கு நடந்து போய்ப் பார்ப்பது எல்லாம் அங்கேயே நடக்கும். அடுத்த கிழமையும் அதே நாளில் அதே மரத்தடிக்கு வருவார்கள் என்பதுதான் அதில் முக்கியம். ஒரு நாள் வந்து மருந்து கொடுத்துவிட்டுக் காணாமற்போகிறவரை நோயாளி நம்பமாட்டார்.

1918இல் பெண்களுக்கான மருத்துவப் பாடசாலை. ஆறு மாணவியர் கிடைத்தால் நடத்திப் பாருங்கள் என்று அரை மனதோடு அரசாங்கம் அனுமதி கொடுத்தது. 150க்கு மேல் விண்ணப்பங்கள் வந்தன. முதல் அணியில் பரீட்சைக்குத் தோற்றிய 14 பேரும் சித்தியடைந்தார்கள். அதே பரீட்சையில் ஆண்களில் பெரும் பகுதியினர் தவறியிருந்தார்கள். இதைச் சொல்லும்போது எங்கள் ஆசிரியையின் முகத்தில் ஏற்பட்ட பிரகாசம் இன்றும் நினைவிருக்கிறது. பிற்காலத்தில் டிப்ளோமா போதாது, பட்டப்படிப்பு வேண்டும் என்று சட்டம் மாறியபோது கல்லூரி மூடப்படும் நிலைக்கு வந்தது. எழுபது வயதைத் தாண்டிய அம்மையார் அமெரிக்கா போய், ஊர் ஊராக நிதி திரட்டினார். 1942இல் பட்டப்படிப்பு ஆரம்பமானது. சில ஆண்டுகளில் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். 1946இல் தாதியருக்கும் பட்டப்படிப்பு வந்தது. இன்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி எவ்வளவு பெரியது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. மலையகத்தில் இருந்தே அங்கு சிகிச்சைக்குப் போய் வந்தவர்கள் உண்டு.

இங்கே ஒரு விஷயத்தை வெட்கத்தோடு சொல்ல வேண்டும். 38 வருடம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தாதியாக இருந்துவிட்டு 2013இல் ஓய்வு பெற்றுக் கண்டியில் குடியிருந்தேன். மறுவருடம் தோட்டத்தில் இருந்த என் தாயாருக்கு 83 வயதில் பாரிசவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தங்கை காலையில் பெரட்டுக்குப் போனால் மாலையில்தான் வருவாள். துபாயில் இருக்கும் தம்பி பணம் அனுப்ப, அடுத்த லயத்தில் இருந்து 18 வயதுப் பிள்ளை ஒன்றைப் பகலில் பார்த்துக்கொள்ள வைத்தோம். அம்மாவைத் தன் சொந்தப் பாட்டியைப் போல அது பார்த்தது. ஒரு மாதம் கழித்து நான் போய் அம்மாவைப் புரட்டிப் பார்த்தபோது, இடுப்பெலும்புக்குக் கீழே உள்ளங்கை அளவு புண். பிள்ளை அதன் மேல் பவுடர் போட்டு, நோகுமே என்று அம்மாவை அசைக்காமல் மல்லாந்தபடியே வைத்திருக்கிறது. கஞ்சியையும் படுக்க வைத்தே ஊட்டியிருக்கிறது. அம்மா இருமினால் தண்ணீர் கொடுத்திருக்கிறது. அன்பு குறையாத பராமரிப்பு, ஆனால் உயிருக்கு ஆபத்தான பராமரிப்பு. நூற்றுக்கணக்கான தாதி மாணவியருக்குப் பாடம் எடுத்த நான், பெற்ற தாயைப் பார்க்க வந்த பிள்ளைக்கு அரை மணித்தியாலம் சொல்லிக் கொடுக்கவில்லை.

பிறகு ஒரு கிழமை அங்கேயே தங்கினேன். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது, குதிக்கால், இடுப்பு, முதுகு மூன்றையும் தினமும் வெளிச்சத்தில் பார்ப்பது, நிமிர்த்தி உட்கார வைத்து வாயின் நல்ல பக்கத்தில் சிறு கரண்டியால் ஊட்டுவது, ஊட்டிய பிறகும் அரை மணி நேரம் உட்கார வைத்திருப்பது, கொடுத்த மாத்திரையைக் கொப்பியில் எழுதுவது, யாருடைய அவசரத்துக்கும் தூக்க மாத்திரை கொடுக்காமலிருப்பது, எந்த அடையாளம் கண்டால் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்று சொல்லிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. புண் ஆற நாலு மாதம் எடுத்தது. சலோமியைப் பற்றி மேலே எழுதும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிள்ளையின் முகந்தான் வந்து நின்றது.

இன்று நமது தோட்டங்களில் எத்தனையோ காம்பராக்களில் இப்படி ஒருவர் படுத்திருக்கிறார். பிள்ளைகள் கொழும்பிலும் வெளிநாட்டிலும். நமது பெண் பிள்ளைகளோ கொழும்பு வீடுகளிலும் அரபு நாடுகளிலும் முதியவர்களைப் பார்க்கும் வேலைக்குப் போகிறார்கள். தூக்கும் முறை தெரியாமல் தங்கள் முதுகையும் கெடுத்துக்கொண்டு வருகிறார்கள். பிறந்த குழந்தையையும் தாயையும் வீட்டில் வந்து பார்க்க இந்த நாட்டில் மருத்துவ மாது உண்டு. படுக்கையில் கிடக்கும் முதியவரைப் பார்க்க அப்படி வீடு தேடி ஒழுங்காக வருகிறவர் இல்லை. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் பராமரிப்பு வேலை செய்யும் நமது பழைய மாணவியர் எத்தனை பேர் என்று சங்கத்தின் முகவரிப் புத்தகத்தைப் புரட்டினால் தெரியும். விடுமுறைக்கு வரும்போது ஆளுக்கு இரண்டு நாள் கொடுத்தால், பாடசாலை மண்டபத்திலேயே பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டிலும் தலையணையும் வைத்துப் பழக்கலாம். செயற்குழுவுக்கு இதை எழுத்திலும் கொடுத்திருக்கிறேன்.

அம்மையாரின் கதைக்கு வருகிறேன். யாரைப் பராமரிக்க 1890இல் கப்பலேறினாரோ, அந்தத் தாயார் சோபியா நோயில் இருந்து மீண்டு, மகளோடு வேலூரிலேயே வாழ்ந்து, 1925இல் முதிர்ந்த வயதில் காலமானார். நாளெல்லாம் ஆஸ்பத்திரியிலும் இரவில் தாயின் அருகிலுமாக எத்தனை வருடம். வரலாற்று நூல்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

கலியாணம் செய்துகொள்ளவில்லை. டெனிஸ் ஆட்டத்தில் பைத்தியம். வயதான காலத்திலும் தம்மை விட மிக இளையவர்களைத் தோற்கடிப்பார். டொக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் விலாசம் எழுதிய கடிதம் சரியாக அவர் கைக்கு வந்து சேர்ந்ததாம்.

1946இல் பொறுப்புகளில் இருந்து ஓய்வு பெற்று, டொக்டர் ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண்மணியிடம் ஒப்படைத்துவிட்டுக் கொடைக்கானலுக்குப் போனார். நுவரெலியாவைப் போலவே பனியும் குளிரும் உள்ள மலையூர். அங்கே ஹில்டொப் என்ற வீட்டில் ரோஜாத் தோட்டமும் வந்து போகும் பழைய மாணவியருமாக இருந்தார். 1960 மே மாதத்தில் தமது 89ஆவது வயதில் அந்த வீட்டிலேயே காலமானார். வேலூரில் அடக்கம் செய்யப்பட்டார்.

எங்கள் ஆசிரியை அன்று கதையை 14 மாணவியரின் பரீட்சையோடு நிறுத்திவிட்டார். மழை விட்டிருந்தது. மணியும் அடித்துவிட்டது.